ஏ.எம்.சி. காகிதமும் அதிகாலை ஐந்தரை மணியும்

2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. இரவுப் பணி முடிய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. சர்வர் அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அந்த அறையின் இரைச்சல் பழகிவிட்டவனுக்குத் தாலாட்டு மாதிரி. இரைச்சல் மாறினால்தான் கண் திறக்கும். அன்று சரியாக ஐந்தரை மணிக்கு மாறியது. விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமெடுத்தன. பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டிகளை எல்லா ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் முடுக்கியது போலிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஜாவா நிரல்கள் ஓடுகிற எந்திரங்களும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஓடுகிற எந்திரங்களும் நூறு சதவீதத்தில் நின்றன. ஞாயிறு அதிகாலையில் எங்கள் தளத்துக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செய்ய வேலையே இல்லாமல் எந்திரங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அப்போது எங்களிடம் இரண்டு வகை லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. கணக்கும் பணப் பரிமாற்றமும் நடக்கும் பதினொரு சர்வர்களில் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய லினக்ஸ். மற்ற இருபத்துச் சொச்சத்தில், தன்னார்வலர்கள் சேர்ந்து இலவசமாகத் தரும் டெபியன் 6. டெபியனுக்கு நாங்கள் ஒரு பைசா கட்டியதில்லை. கட்ட வேண்டும் என்று நினைத்தாலும் பில் போட்டுக் கொடுக்க அங்கே ஆள் கிடையாது. முதல் வகை விழக்கூடாது என்பதற்காகத்தான் பணம் கட்டினோம். அன்று இரண்டும் ஒரே நொடியில் விழுந்திருந்தன.

சந்தாவை எங்களுக்கு விற்ற உள்ளூர் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம், அந்தப் பையன் மீது எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. வாடிக்கையாளர் எண் கேட்டான். எந்திரத்தின் வரிசை எண் கேட்டான். பாதிப்பின் தீவிரம் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று கேட்டான். ஒன்று என்றேன். டிக்கெட் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, லாக் எல்லாவற்றையும் திரட்டும் கட்டளையை ஓடவிட்டு, வரும் கோப்பை அனுப்பச் சொன்னான். எந்திரமே திணறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டளை எப்படி ஓடும்? ஓடியது, முப்பத்தைந்து நிமிடம்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் நான் டெபியன் எந்திரங்கள் பக்கம் போனேன். அங்கே கூப்பிட எண் இல்லை, அதனால் தேடத்தான் வேண்டும். தேடினால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் என்னைப் போலவே ராத்திரி கண்விழித்தவர்கள் இதே புலம்பலை எழுதிக்கொண்டிருந்தார்கள். ரெட்டிட் தளம் திணறியது. மொசில்லாவில் ஜாவா எந்திரங்கள் திணறின. ஆஸ்திரேலியாவில் குவாண்டஸ் விமானப் பயணிகள் பதிவு முறை நின்றுபோய் வரிசையில் காத்திருந்தார்கள். ஏழு மணி வாக்கில் யாரோ ஒருவர் எழுதிவைத்த ஒற்றை வரி கண்ணில் பட்டது: கணினியின் நேரத்தை, அது இப்போது காட்டும் அதே நேரத்துக்கு மாற்றி அமையுங்கள்.

கிறுக்குத்தனமாகப் பட்டது. இருந்தாலும் ஒரு டெபியன் எந்திரத்தில் தட்டினேன். விசிறி அடங்கியது. அடுத்ததில் தட்டினேன். அதுவும் அடங்கியது. பத்து நிமிடத்தில் இருபது எந்திரங்கள். பிறகு சந்தா எந்திரங்களுக்கும் போய், யாரையும் கேட்காமல், அதையே தட்டினேன். பதினொரு மணிக்கு அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் நிரலை) புதுப்பித்துவிட்டு மறுபடி முயலவும்.

காரணம் பின்னால் தெரிந்தது. பூமியின் சுழற்சி சீராக இல்லாததால் உலகக் கடிகாரத்தில் அவ்வப்போது ஒரு நொடி கூட்டுவார்கள். லீப் நொடி என்பார்கள். அன்று இந்திய நேரம் ஐந்தரைக்கு அப்படி ஒரு நொடி சேர்ந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த நொடியைத் தன் பிரதானக் கடிகாரத்தில் சேர்த்துக்கொண்டது. நுண்ணிய டைமர்களைக் கவனிக்கும் பகுதிக்கு மட்டும் தகவல் சொல்ல மறந்துவிட்டது. அந்தப் பகுதி ஒரு நொடி முந்தி ஓடியது. ‘கால் நொடி தூங்கிவிட்டு எழுப்பு’ என்று கேட்ட நிரல்களை எல்லாம், நேரம் தாண்டிவிட்டது என்று உடனுக்குடன் எழுப்பிவிட்டது. எழுந்ததும் அவை மறுபடி தூங்கக் கேட்டன, மறுபடி எழுப்பப்பட்டன. அதுதான் அந்த மூச்சிரைப்பு. நேரத்தைக் கையால் மாற்றினால், மாறாத அதே நேரமாக இருந்தாலும், கெர்னல் எல்லாப் பகுதிகளுக்கும் தகவல் சொல்லும். அதனால் சரியாயிற்று.

எட்டு மணிக்கு விண்டோஸ் அண்ணன் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர்கள் முழுவதும் அவர் பொறுப்பு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய எந்திரங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அன்றைய விண்டோஸ் லீப் நொடியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அடுத்த முறை நேரத்தை ஒப்பிடும்போது ஒரு நொடி பிசகியிருப்பதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அறியாமையும் சில நேரம் கவசம்தான்.

“காசு கொடுத்து வாங்கினால் இந்த வம்பெல்லாம் வராது தம்பி” என்றார்.

“பதினொரு எந்திரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம் அண்ணே.”

“அப்படியா? அப்புறம் ஏன் நீ தனியாக உட்கார்ந்திருக்கிறாய்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் முதன்முறையாக அந்த ஏ.எம்.சி. காகிதத்தை, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை, முழுசாகப் படித்தேன். அலுவலகத்தில் அதற்கு முன் யாராவது படித்திருப்பார்களா என்பது சந்தேகமே. ‘பதிலளிக்கும் நேரம்: ஒரு மணி’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. ‘தீர்க்கும் நேரம்’ என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் ‘உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்’ என்று சொல்லிவிட்டால் ஒப்பந்தம் நிறைவேறியது. அந்தப் பையன் ஐந்து நிமிடத்திலேயே நிறைவேற்றிவிட்டான்.

இன்னும் கீழே போய் உரிமப் பத்திரங்களையும் படித்தேன். லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தில் பெரிய எழுத்துகளில் கத்திச் சொல்கிறார்கள்: இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, கெட்டுப்போனால் சரிசெய்யும் செலவு உன்னுடையது. சரி, சும்மா கிடைப்பது, அப்படித்தான் சொல்வார்கள் என்று விண்டோஸ் எக்ஸ்பியின் ஒப்பந்தத்தைப் புரட்டினேன். அங்கே நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு போட்டிருந்தார்கள்: நீங்கள் மென்பொருளுக்குக் கொடுத்த விலை அல்லது 5 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. விண்டோஸ் அண்ணனிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “ஐந்து டாலருக்கு இன்றைய விலைக்கு எத்தனை இட்லி வரும்?” என்று கேட்டார்.

அப்படியானால் அந்தச் சந்தாப் பணம் வீணா? அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் கைதட்டுவார்கள். ஆனால் 2014 ஏப்ரலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த மாதம் 7ஆம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே தெரிந்தது. உலகத்தின் இணையத் தளங்களில் பெரும்பங்கு தங்கள் ரகசியங்களைப் பூட்டிவைக்க நம்பியிருந்த மென்பொருள் அது. அதில் 2012இலிருந்து ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. யார் கேட்டாலும் சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு துண்டை அள்ளிக் கொடுத்துவிடும். 1.0.1 வரிசையின் ‘ஜி’ பதிப்பில் அதை அடைத்தார்கள்.

எங்கள் சந்தா எந்திரங்களில் இருந்தது ‘ஈ’ பதிப்பு. அன்று இரவே திருத்தம் வந்தது, ஏற்றினோம். இரண்டு வாரம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர் தன் ஸ்கேனரை ஓடவிட்டு, எல்லா எந்திரத்துக்கும் சிவப்புக் கோடு போட்ட அறிக்கையை நீட்டினார். “இன்னும் ‘ஈ’ பதிப்பில் இருக்கிறீர்கள், ‘ஜி’க்கு மாறவில்லை.” ஒரு மதியம் முழுக்க அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. பணம் வாங்கும் லினக்ஸ் நிறுவனங்கள் புதிய பதிப்பை அப்படியே எடுத்து உங்கள் தலையில் கட்டுவதில்லை. ஓட்டையை அடைக்கும் அந்தச் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, உங்களிடம் இருக்கும் பழைய பதிப்பில் தைத்துத் தருவார்கள். பெயர்ப்பலகையில் ‘ஈ’ என்றே இருக்கும்; உள்ளே ஓட்டை அடைபட்டிருக்கும். பழைய வேட்டிக்கு அதே நூலில் ஒட்டுப்போடுவது மாதிரி. புது வேட்டி வாங்கினால் எளிதுதான், ஆனால் அதன் அகலம் வேறு, கரை வேறு; அதை நம்பி எழுதிய உங்கள் நிரல்கள் அடுத்த நாள் ஓடாமல் போகலாம்.

இந்தத் தையல் வேலையின் அளவை வெளியில் இருப்பவர்கள் உணர்வதில்லை. சந்தா கட்டி வாங்கும் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 என்பது 2010 நவம்பரில் வந்தது. அதிலுள்ள கெர்னல் 2.6.32, அது 2009 டிசம்பரில் வெளியானது. 2020 நவம்பர் வரை, பத்து ஆண்டுகள், எண்ணை மாற்றாமலே அதற்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கெர்னல் 3, 4, 5 என்று போய்விட்டது. பத்து வருடப் பழைய நிரலைத் திறந்துவைத்துக்கொண்டு, நேற்று எழுதப்பட்ட திருத்தத்தை அதற்குள் பொருத்துவது சலிப்பூட்டுகிற வேலை. யாரும் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காக அதைச் செய்ய மாட்டார்கள். புகழ் கிடையாது, சுவாரசியம் கிடையாது. காசு கொடுத்தால்தான் நடக்கும். டெபியனிலும் அப்படித்தான்: பழைய பதிப்புகளை ஐந்து ஆண்டுவரை காப்பாற்றும் நீண்ட காலப் பராமரிப்பு 2014இல் தொடங்கியபோது, நிறுவனங்களிடம் பணம் திரட்டித்தான் அதைச் செய்பவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். இனாமாகக் கிடைப்பதன் முதுமையை யாரோ பணம் கட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பணம் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஹார்ட்பிளீட்டில் தெரிந்தது. உலகமே சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அப்போது ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் உண்டியல் அதைவிடத் தேவலை.

சந்தாவின் இன்னொரு பலனையும் ஒரே ஒரு முறை முழுதாக அனுபவித்தேன். ஒரு டேட்டாபேஸ் சர்வர், மாதத்துக்கு ஒருமுறை, காரணம் சொல்லாமல் செத்துச் செத்து எழுந்தது. முதல் நிலை ஆள் வழக்கம்போல ஃபர்ம்வேர் என்றார். இரண்டாம் நிலை ஆள் நினைவகச் சில்லை மாற்றச் சொன்னார். சேமிப்புப் பெட்டி விற்றவர்கள் இயங்குதளத்தைக் காட்டினார்கள். இயங்குதளம் விற்றவர்கள் சேமிப்புப் பெட்டியைக் காட்டினார்கள். இந்தச் சண்டையை ஐந்து வாரம் பார்த்த பிறகு எங்கள் மேலாளர் யாரிடமோ கத்தினார். வழக்கு மூன்றாம் நிலைக்குப் போனது. அங்கிருந்தவர், எந்திரம் சாகும் கணத்தில் கெர்னல் விட்டுச்சென்ற நினைவகப் படிமத்தைக் கேட்டார். இரவு முழுக்க ஏற்றி அனுப்பினோம். ஆறாம் நாள், சேமிப்புப் பெட்டியை இயக்கும் டிரைவர் நிரலில் ஒரு பூட்டு இரண்டு முறை விடுவிக்கப்படுகிறது என்று வரி எண்ணோடு எழுதினார். திருத்தமும் இணைத்திருந்தார். அந்த மனிதர் எந்த ஊர், எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. மூன்று பத்திக் கடிதம். அதற்கு இணையான தெளிவை நான் வேறு எந்த அலுவலகக் கடிதத்திலும் பார்த்ததில்லை.

பணம் கட்டுபவர்கள் உண்மையில் வாங்குவது அந்த மூன்றாம் நிலை ஆளின் ஒரு வாரத்தை. ஆனால் அவரை அடைய முதல் இரண்டு நிலைகளையும் தாண்டியாக வேண்டும். கட்டற்ற உலகத்தில் அந்த இரண்டு வாசல்களும் கிடையாது. நிரலை எழுதியவருக்கே நேராகக் கடிதம் எழுதலாம். பதில் போடுவதும் போடாமலிருப்பதும் அவர் விருப்பம். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. ஒருவர் நாற்பது நிமிடத்தில் திருத்தம் அனுப்பினார். இன்னொருவருக்கு எழுதிய கடிதம் ஒன்பது வருடமாகப் பதிலில்லாமல் கிடக்கிறது.

நம்பகம் என்று வரும்போது மட்டும் இரு பக்கத்து ரசிகர்களும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் நின்றுவிடும். மில்லி நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி நிரம்பி வழிவதுதான் காரணம். 1999இல்தான் அது வெளியே தெரிந்தது. அதுவரை எவருடைய விண்டோஸும் 49 நாள் ஓடியதில்லை என்பது லினக்ஸ்காரர்களின் பழைய கேலி. அந்தக் கேலியைச் சொல்லிச் சிரித்த எங்களுக்கு, 2.6.32 கெர்னலில் இதன் சித்தப்பா மகன் காத்திருந்தான்: தொடர்ந்து 208.5 நாள் ஓடினால் நேரக் கணக்கு நிரம்பி வழிந்து கெர்னல் விழக்கூடும். ஒரு வருடமாக ரீபூட் செய்யாததைப் பதக்கம்போல் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான் முதலில் சிக்கினார்கள்.

டெபியன் மீது எனக்குள்ள பாசத்தை மறைக்கவில்லை. ஆனாலும் 2008 மே மாதத்தை மறக்க மாட்டேன். டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பொதி செய்தவர், சோதனைக் கருவி ஒன்று குறை சொல்கிறதே என்று 2006இல் இரண்டு வரிகளை நீக்கியிருந்தார். ரகசியங்களைப் பூட்டும் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி சீரற்ற தன்மையைத் தருவதே அந்த வரிகள்தான். ஏறத்தாழ இரண்டு வருடம் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் சுமார் 32 ஆயிரம் சாவிகளில் ஏதோ ஒன்றாகத்தான் இருந்தன. ஊரில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவிக்கொத்து. நிரல் திறந்தே கிடந்தது, எவரும் பார்த்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ‘ஆயிரம் கண்கள் பார்க்கின்றன’ என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்வேன். கண்கள் இருக்கின்றன. எல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சில நேரம் ஒரு கண் சரியாகப் பார்க்கும். 2024 மார்ச் மாதக் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் டெபியன் சோதனை எந்திரத்தில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று எரிச்சல்பட்டு நோண்டினார். எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவிக்குள் ஒரு கள்ளக் கதவு இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளருக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்து, பிறகு அதை வைத்துவிட்டுப் போயிருந்தார். திறந்த நிரல் என்பதால் உள்ளே வர முடிந்தது; அதே காரணத்தால்தான் ஒரு வெளியாள் நோண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. கண்டுபிடித்தவர் சம்பளம் வாங்குவது மைக்ரோசாஃப்டில். இதைச் சொன்னபோது விண்டோஸ் அண்ணன் ஒரு வாரம் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கள்ளக் கதவு டெபியனின் நிலைப்பதிப்பையோ சந்தா லினக்ஸ்களின் நிலைப்பதிப்பையோ எட்டவில்லை. இவர்கள் புதியதை ஏற்க மாதக்கணக்கில் தயங்குகிறவர்கள். நாங்கள் வழக்கமாகத் திட்டும் அந்த மந்தம் அன்று உதவியது.

அண்ணனின் நிமிர்வு அந்த ஜூலைவரைதான் நீடித்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9:39க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. இருபது உள்ளீடுகள் மட்டுமே தரப்படும் இடத்தில் இருபத்தொன்றாவதைத் தேடியது அந்த மென்பொருள். அது ஓடுவது விண்டோஸ் கெர்னலுக்குள். ஆகவே விண்டோஸே நீலத் திரையோடு விழுந்தது. எழுந்தால் அந்தக் கோப்பை மறுபடி படித்து மறுபடி விழும். 10:57க்கே கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகள். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று காலை அவர்தான் போன் செய்தார். அவர் அலுவலகத்தில் அந்த மென்பொருள் இல்லை; தப்பித்திருந்தார். ஆனாலும் குரலில் துக்க வீட்டுத் தொனி. “சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துவிடு தம்பி. 2012க்குக் கணக்குத் தீரட்டும்.”

சிரிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ரெட் ஹாட், அதே நிறுவனத்தின் மென்பொருளால் தங்கள் லினக்ஸ் கெர்னலும் விழுவதாக ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தது. யாருடைய இயங்குதளமாக இருந்தால் என்ன, அதன் அடிமடியில் மூன்றாம் ஆள் ஒருவரைக் குடிவைத்தால் கதை இதுதான். அந்த வெள்ளிக்கிழமை மைக்ரோசாஃப்ட், கிரவுட்ஸ்டிரைக் இரண்டு நிறுவனங்களுக்கும் பணம் கட்டியிருந்தவர்கள்தான் விழுந்தார்கள். மீண்டதும் போன் போட்டதால் அல்ல. சேஃப் மோடில் போய், அந்த ஒரு கோப்பை அழி என்ற குறிப்பு அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. வட்டைப் பூட்டிவைத்திருந்த எந்திரங்களில் 48 இலக்கச் சாவியைக் கையால் தட்டி, ஒவ்வோர் எந்திரத்தின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து அழித்தார். 2012இல் நான் தட்டிய அந்த ஒற்றை வரியும் இப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

இதே பழுதை ஏற்கெனவே பார்த்த ஒருவர், அதை ஊரறியச் சொல்லிவைத்திருப்பது. எனக்குக் கிடைத்த உதவிகளில் முக்கால்வாசி இந்த வகைதான்.

நம் ஊரில் விண்டோஸின் பலம் மைக்ரோசாஃப்டின் ரெட்மண்ட் தலைமையகத்தில் இல்லை. சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இருக்கிறது. 2011 முதல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது அரசுத் துறைகளையும் அதற்கு மாறச் சொன்னார்கள். என் அக்கா மகனுக்கு அப்படி ஒரு மடிக்கணினி கிடைத்தது. அதிலிருந்த விண்டோஸ் கெட்டால் எடுத்துப்போகத் தெருமுனையில் கடை இருந்தது. இருநூறு ரூபாய்க்கு ‘ஃபார்மேட்’ அடித்து, கேட்காத நாலு விளையாட்டையும் போட்டுத் தருவார்கள். பாஸ் லினக்ஸில் வை-ஃபை பிடிக்கவில்லை என்றால்? “மாமா எப்போது வருவார்” என்று அவன் காத்திருந்தான். இரண்டு தீபாவளி காத்திருந்தான். மூன்றாவது தீபாவளிக்குப் போனபோது அந்தப் பகுதியை அழித்துவிட்டுப் படங்களைச் சேமித்துவைத்திருந்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் திறந்த பக்கம் நிற்கிறேன். அது, முதலாளி எழுந்து போகிற நாள்.

ரெட் ஹாட் லினக்ஸின் திறந்த நிரலிலிருந்து கட்டி இலவசமாகத் தரப்பட்ட லினக்ஸ் சென்ட்ஓஎஸ். அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2014இலிருந்தே அந்தத் திட்டம் ரெட் ஹாட்டின் அரவணைப்பில் இருந்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி, 2021 முடிவோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். எட்டு வருடம் ஒரே வருடமானது. (நான் சோம்பேறித்தனத்தால் இன்னும் 7ஆம் பதிப்பில் இருந்தேன், அதற்கு 2024 ஜூன் வரை தவணை இருந்தது. சோம்பல் எனக்கு ஊதியம் கொடுத்த ஒரே சந்தர்ப்பம்.) இலவசமாகக் கிடைப்பதற்கும் உரிமையாளர் ஒருவர் இருக்கலாம் என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸை அறிவித்தார். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் அல்மாலினக்ஸைக் கொண்டுவந்தது. 2021 ஜூன் முடிவதற்குள் இரண்டும் வந்துவிட்டன; பழைய எந்திரத்தை அழிக்காமலே மாற்றித்தரும் கருவியோடு. நிரல் வெளியே இருந்ததால் இன்னொருவர் கடையைத் திறக்க முடிந்தது. ஆரக்கிள் நிறுவனம் 2010இல் ஓப்பன்சோலாரிஸ் என்ற திறந்த இயங்குதளத்தின் கதவைச் சாத்தியபோதும், அதுவரை வெளியே வந்திருந்த நிரலை வைத்துத்தான் இல்லுமோஸ் பிறந்தது; இன்றும் ஓடுகிறது.

விண்டோஸ் 10க்கு அப்படிப் பக்கத்துக் கடை கிடையாது. 2025 அக்டோபர் 14இல் கதவு சாத்தப்பட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 30 டாலர் கட்டினால், அல்லது உங்கள் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால், மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் என்றார்கள். நியாயமாகச் சொன்னால் பத்து வருடத்துக்கும் மேல் வாக்குக் காப்பாற்றினார்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் தாக்கியபோது, மூன்று வருடத்துக்கு முன்பே கைகழுவிய எக்ஸ்பிக்குக்கூட இலவசமாகத் திருத்தம் கொடுத்தவர்கள்தான். ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் மட்டுமே முடிவு செய்ய முடியும்.

விண்டோஸ் அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் வீட்டுக் கணினியின் செயலி விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. நவம்பரில் ஒரு நாள் போன் செய்து, நேராக விஷயத்துக்கு வராமல், அம்மா நலமா, மழை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, “அந்த டெபியனை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருகிறாயா?” என்றார்.

போனேன். டெபியன் 13. நாற்பது நிமிடத்தில் ஏறியது. தமிழ்99 விசைப்பலகை வேலை செய்ததா என்பதுதான் அவருடைய முதல் சோதனை. மாநகராட்சிக்கு மழைநீர் வடிகால் பற்றி மாதம் ஒரு கடிதம் எழுதுகிறவர். வேலை செய்தது. பிரிண்டர் தானாகவே பிடித்துக்கொண்டது. அதே பெட்டியிலிருந்த ஸ்கேனர் மட்டும் அசையவில்லை. தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கு டிரைவர் தரவில்லை. இரண்டு மணி நேரம் போராடினேன். அண்ணி மூன்றாவது முறையாகக் காபி கொண்டுவந்து வைத்தார்.

“சரி விடு. ஸ்கேனர் வராவிட்டால் யாருக்கு போன் போடுவது?” என்றார் அண்ணன், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு.

என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே அவருக்குத் தெரிந்த எண்தான். அதன் கீழே அவர் தன் கையெழுத்தில் ‘பதிலளிக்கும் நேரம்: ஒரு மணி’ என்று எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இதுவரை நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். ஸ்கேனர் இன்னும் ஓடவில்லை.